மாற்று மூட்டும் மறைந்திருக்கும் கிருமியும்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் 'சரவாங்கி' என்று ஒரு நோயைச் சொல்வார்கள். விரல் கணுக்கள் வீங்கும். காலையில் எழுந்தால் கை மடங்காது. ஆண்டுகள் செல்லச் செல்ல விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மருத்துவ நூல்கள் இதனை முடக்குவாதம் என்று கூறும். என் அத்தைக்கு இந்நோய் கண்டு பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு அவருடைய வலது முழங்காலில் செயற்கை மூட்டுப் பொருத்தினார்கள். அதற்கு முந்திய மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

அத்தை வாரம் ஒரு நாள், ஞாயிறுதோறும், மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரையை உட்கொள்பவர். அலமாரியைத் துடைக்கும்போது மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடப்பதைக் கண்டேன். கேட்டதற்கு, "புண்ணு ஆறோணும்னா ஒடம்புல சக்தி வேணுமல்ல கண்ணு? இந்த மாத்திரை எதிர்ப்புச் சக்திய அடக்கிப்போடும்ங்கறாங்க. ஆப்பரேசன் முடியற வரைக்கும் நிறுத்திப் பாக்கறேன். டாக்டர்கிட்டச் சொல்லிப்போடாத" என்றார். உறவினர் ஒருவர் சொன்ன யோசனையாம் அது.

நான் விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவி. நோய்த் தடுப்பியல் எங்களுக்கு ஒரு தாள். அத்தையின் வாதத்தில் குற்றம் காண என்னால் இயலவில்லை. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தை நிறுத்தினால் கிருமியை எதிர்க்கும் திறன் கூடும் என்பது எனக்கும் சரியாகவே பட்டது. ஆகவே நானும் வாய் திறக்கவில்லை. இது பிழை என்பதைப் பின்னரே படித்துத் தெரிந்துகொண்டேன்.

செயற்கை மூட்டில் கிருமி புகுவது மற்ற புண்களில் சீழ் பிடிப்பது போன்றதன்று. 1957இல் இங்கிலாந்தில் எலெக், கோனென் என்னும் இரு ஆய்வாளர்கள் தொண்டர்களின் தோலில் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமிகளைச் செலுத்திப் பார்த்தார்கள். வெறும் தோலில் சீழ் உண்டாகப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. ஒரே ஒரு பட்டுத் தையல் நூல் அங்கே இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. ஒரு நூலிழைக்கே இப்படி என்றால், உள்ளங்கை அளவு உலோகமும் பாலிதீனும் உள்ளே இருக்கும்போது என்ன ஆகும்? அவற்றில் இரத்த ஓட்டம் இல்லை. வெள்ளையணுக்கள் அங்கே திறம்படப் போரிட முடிவதில்லை. கிருமிகளோ பரப்பில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற படலம் ஒன்றைக் கட்டிக்கொள்கின்றன. குளத்துப் படிக்கட்டில் கால் வழுக்குகிறதே, அந்தப் பாசியை ஒத்தது இப்படலம். அதன் உள்ளே இருக்கும் கிருமிகளை எதிர் உயிரி மருந்து எளிதில் கொல்வதில்லை. தோலில் சாதுவாக வாழும் ஸ்டெபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் கூட இங்கே பகையாளி ஆகிவிடுகிறது. படலம் முதிர்ந்துவிட்டால் பெரும்பாலும் பொருத்திய மூட்டையே கழற்றி எடுத்து, வாரக்கணக்கில் மருந்து செலுத்தி, மீண்டும் ஒரு மூட்டைப் பொருத்த வேண்டியிருக்கும். நோயாளி படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ!

இந்த ஆபத்தை முதன்முதலில் பெரும் கவலையுடன் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் சர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தின் லங்காஷயரில் விகன் நகருக்கு அருகே உள்ளது ரைட்டிங்டன் மருத்துவமனை. முன்னர் அது காசநோயாளிகளுக்கான இடம். அங்குதான் 1962 நவம்பரில், எஃகுப் பந்தும் பாலிதீன் கிண்ணமும் கொண்ட இடுப்பு மூட்டைச் சார்ன்லி பொருத்தினார். ஆனால் அவருடைய தொடக்க கால அறுவைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் சீழ் பிடித்தது. கிருமி காற்றின் வழியே வருகிறது என்று அவர் ஐயுற்றார். அறுவைக் கூடத்துக்குள்ளேயே ஒரு சிறு கூடாரம் அமைத்து, வடிகட்டிய காற்றை மேலிருந்து செலுத்தினார். மருத்துவர் விடும் மூச்சுக் காற்றைக் குழாய் வழியே வெளியேற்றும் உடையையும் உருவாக்கினார். பத்தாண்டுக் காலத்தில் சீழ் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த 1982ஆம் ஆண்டிலேயே 8,000க்கு மேற்பட்ட அறுவைகளைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்வொன்று வெளிவந்தது. தூய காற்றுள்ள கூடத்தில் சீழ் பாதிக்கும் கீழே குறைவதாக அது காட்டியது.

காற்றைத் தூய்மையாக்கலாம். நோயாளியின் உடலை என்ன செய்வது? முடக்குவாதக்காரருக்கு இங்குதான் தனித் தொல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 462 முடக்குவாத நோயாளிகளின் 657 இடுப்பு, முழங்கால் மாற்றுகள் இடம்பெற்றன. நூற்றுக்கு 3.7 மூட்டுகளில் கிருமித் தொற்று கண்டது. வயது முதலியவற்றில் ஒத்த தேய்மான வாதக்காரருடன் ஒப்பிட்டால் இது ஏறத்தாழ நான்கு மடங்கு. நார்வே நாட்டுப் பதிவேட்டைக் கொண்டு 2010இல் செய்த கணக்கு இவ்வளவு கடுமையானதன்று. கிருமியின் காரணமாக முழங்கால் மூட்டை மீண்டும் மாற்ற நேர்வது முடக்குவாதக்காரரிடம் 1.6 மடங்கு என்றே அது கூறுகிறது. ஆனால் அதில் ஒரு செய்தி என்னை நிறுத்திவிட்டது. ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னும் இவர்களுக்கு ஆபத்து மிகுதியாகவே இருக்கிறது. அறுவைக் கூடத்துக் கிருமி ஆறு ஆண்டு காத்திருக்குமா? காலிலோ பல்லிலோ உள்ள புண்ணிலிருந்து இரத்தத்தின் வழியே பின்னாளில் வந்து சேரும் கிருமிகளும் உண்டு. முடக்குவாதத்தில் கால் விரல்கள் கோணிப்போய், செருப்புப் பட்டு, ஆணியும் புண்ணுமாக இருப்பதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? நீண்ட நாள் அதிக அளவில் உண்ட ஸ்டீராய்டும் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது.

இனி அத்தை நிறுத்திய மாத்திரைக்கு வருவோம். சார்ன்லி பணியாற்றிய அதே ரைட்டிங்டனில்தான் இந்தக் கேள்வியையும் சோதித்தார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. 2001இல் வெளியான அந்த ஆய்வில் முடக்குவாத நோயாளிகள் 388 பேர் எலும்பு, மூட்டு அறுவை செய்துகொண்டனர். மெத்தோட்ரெக்ஸேட் உண்பவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 88 பேர் மாத்திரையைத் தொடர்ந்தனர். 72 பேர் அறுவைக்கு இரு வாரம் முன்பிருந்து இரு வாரம் பின்பு வரை நிறுத்தினர். எஞ்சிய 228 பேர் அம்மாத்திரையை உண்ணாதவர்கள். ஓராண்டுக்குள் கிருமித் தொற்றோ அறுவையை ஒட்டிய வேறு சிக்கலோ கண்டவர்கள், தொடர்ந்தவர்களில் 2 பேர், நிறுத்தியவர்களில் 11 பேர், உண்ணாதவர்களில் 24 பேர். நோய் மீண்டும் சீறி எழுந்தது, தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை; நிறுத்தியவர்களில் 6 பேருக்கு உண்டு.

எண்ணிக்கை சிறிது. ஆகவே மாத்திரை கிருமியைத் தடுக்கிறது என்று இதைக் கொண்டு முழங்கிவிட முடியாது. நிறுத்துவதால் பாதுகாப்பு இல்லை என்பது மட்டும் தெளிவு. வீட்டிலிருந்தபடி அத்தையும் வகுப்பிலிருந்தபடி நானும் செய்த தர்க்கம் அழகானதே. ஆனால் அதை 160 பேரிடம் சோதித்தபோது நிற்கவில்லை.

எல்லா மருந்துக்கும் இதே விதி என்று கொள்ளலாகாது. 2022இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களும் மூட்டு அறுவை மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறையில், இடுப்பு, முழங்கால் மாற்றின்போது மெத்தோட்ரெக்ஸேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசைன் போன்றவற்றைத் தொடரச் சொல்கிறார்கள். ஊசியாகப் போடப்படும் புதிய உயிரியல் மருந்துகளை அவ்வாறு சொல்லவில்லை. அவற்றின் அடுத்த தவணையை நிறுத்திவைத்து, அத்தவணை நாள் கடந்த பின் அறுவை செய்து, புண் ஆறுவது கண்டு மீண்டும் தொடங்குமாறு கூறுகிறார்கள். ஸ்டீராய்டை அன்றாட அளவிலேயே கொடுக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஆக, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருந்தின் பெயரைச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டுமேயன்றி, 'சக்தியைக் குறைக்கும் மாத்திரை' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது.

அத்தைக்குக் கிருமி புகவில்லை. எங்கள் நல்ல காலம். ஆனால் அறுவை முடிந்த இரண்டாம் வாரம் மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டன. நடை பழகுவதற்கான 'வாக்கர்' சட்டத்தைப் பிடித்து ஊன்ற அவரால் முடியவில்லை. புது மூட்டு நன்றாக இருக்க, கை முடியாமல் கட்டிலில் கிடந்தார். மருத்துவர் காரணத்தைத் துருவிக் கேட்டபோதுதான் நான் அலமாரி அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அவர் கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இடது முழங்காலுக்கும் இப்போது மாற்று மூட்டு வேண்டும் என்கிறார்கள். அத்தை ஞாயிறுதோறும் மாத்திரையை என் எதிரிலேயே விழுங்குகிறார். ஆனால் அறுவைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. இடது கால் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு புண் இருக்கிறது. பட்டாணி அளவுதான். அது முழுதும் ஆறித் தோல் மூடிய பிறகு வாருங்கள் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். தினமும் மாலையில் கல்லூரி விட்டு வந்ததும் அதைக் கழுவித் துணி கட்டுவது என் வேலை.