புழுதியில் விதைக்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு 5 ஏக்கர் கரிசல் காடு. கிணறு கிடையாது, மானாவாரிதான். முதல் மழைக்குச் சோளம் விதைத்தால், முளைத்த பிறகு மழை ஏமாற்றிப் பயிர் கருகிவிடுகிறது. மழை நன்றாகப் பிடிக்கட்டும் என்று காத்திருந்தாலோ, சேற்றில் டிராக்டர் இறங்குவதில்லை. விதைப்பு கார்த்திகைக்குத் தள்ளிப்போகிறது. என்ன செய்யலாம்?
– விளாத்திகுளம் வட்டார வாசகர்

பதில்: இரண்டு சங்கடமும் கரிசலின் களியால் வருபவை. நனைந்தால் உப்பி ஒட்டும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். விதைக்கத் தோதான பதம் சில நாள்தான் நிற்கும். அந்தச் சில நாளை நம்பாமல், மழைக்கு முன்பே விதையை மண்ணுக்குள் சேர்த்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். புரட்டாசி முதல் பாதிக்குள் புழுதி விதைப்பை முடிப்பது நல்லது.

இதில் ஆழம்தான் முக்கியம். விதை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விழவேண்டும். மேலாகக் கிடக்கும் விதை சிறு தூறலுக்கே முளைத்துக் கருகும். ஆழத்தில் கிடப்பதை நனைக்க நல்ல மழை வேண்டும். அப்படி ஒரு மழை பெய்தால், மண்ணில் தங்கும் ஈரமே இளம்பயிரைக் கொஞ்ச நாள் தாங்கும். கையால் வீசினால் இந்த ஆழம் கிடைக்காது. வாடகைக்காவது விதைப்புக் கருவி பிடியுங்கள்.

விதையைக் கடினப்படுத்தவும் வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, கிலோ விதைக்கு 350 மில்லி வீதம் 6 மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு பழைய எடைக்கு வரும்வரை நிழலில் உலர்த்துங்கள். வறட்சியைத் தாங்கும் திறன் கூடும்.

ஆனால் பெய்த மழை ஓடைக்குப் போய்விட்டால் இத்தனையும் வீண். கோடை மழைக்கே சரிவுக்குக் குறுக்காக உழுதுபோடுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டினால் அடிமண் இறுக்கம் உடையும். ஆழச்சால் அகலப்பாத்தி அமைத்தால் வறட்சியில் ஈரம் நிற்கும், அடைமழையில் தண்ணீர் வடியும். செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடாதீர்கள். உரத்துக்குப் போடும் காசைவிட இதற்குப் போடும் காசு நின்று பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடியுரமாக ஏக்கருக்கு 300 கிலோ தொழுஉரத்தில் சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஒரு மாதம் மூடிவைத்து இடுங்கள். மேலுரமாக யூரியா போடுவதை மட்டும் ஈரம் இருக்கும் நாளுக்கு ஒத்திவையுங்கள். இந்திய வானிலைத் துறையின் ‘மேக்தூத்’ செயலியில் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் உழவருக்கான வானிலை ஆலோசனை வரும். அதைப் பார்த்து நாள் குறிக்கலாம்.

எறும்பும் பறவையும் கொஞ்சம் விதையைத் தின்னும், சில இடங்கள் வெற்றிடமாகும். அங்கே ஊன்றுவதற்கு ஒரு பங்கு விதையைக் கையிருப்பில் வையுங்கள். முதல் ஆண்டு 1 ஏக்கரில் மட்டும் செய்து பாருங்கள்.