ஒரு குழாய், பத்தாயிரம் வழிகள்

மலேசியாவின் ஜோகூரையும் சிங்கப்பூரின் துவாசையும் இணைக்கும் இரண்டாம் பாலம் 1998 ஜனவரி 2ஆம் தேதி போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. விடிவதற்கு முன்பே அதில் மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடித்துவிடும். பகல் முழுதும் கனரக வாகனங்கள் ஓடும். இவை வெளியிடும் புகையில் நச்சு வாயுக்கள் உண்டு. அவற்றைக் குறைக்கும் ஒரு பொருள், இக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் புகைக்குழாய்க்குள் ஒளிந்திருக்கிறது. கைக்குள் அடங்கக்கூடிய அந்த உருளையை முன்பக்கமிருந்து பார்த்தால் தேன்கூடு போல நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு துளைகள் தெரியும். மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கிச் சுருட்டி அதைச் செய்கிறார்கள்.

வாயுவை ஒரே குழாயில் விடாமல், ஏன் இத்தனை துளைகளாகப் பிரித்து விடவேண்டும்?

சுவரைத் தொட்டால்தான் வேலை நடக்கும்

இந்த உருளைக்கு வினையூக்கி மாற்றி என்று பெயர். துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மிக நுண்ணிய துகள்களாகப் பூசப்பட்டிருக்கும். அவற்றின்மீது படும் கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடாக மாறும். எரியாமல் தப்பிய எரிபொருள், கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறும். நைட்ரஜன் ஆக்சைடுகள், நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள சாதாரண நைட்ரஜனாக மாறும்.

நிபந்தனை ஒன்றுதான்: மூலக்கூறு சுவரைத் தொடவேண்டும். தொடாமல் நடுவழியே போய்விட்டால் நச்சு வாயு அப்படியே வெளியேறிவிடும்.

புகை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாய்வதாகவும் உருளையின் நீளம் 10 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். அதைக் கடக்கப் புகைக்கு ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்த நேரத்தில், சூடான வாயுவில் ஒரு மூலக்கூறு பக்கவாட்டில் பரவக்கூடிய தூரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டராக இருந்தால், நட்டநடுவில் போகும் மூலக்கூறுக்கும் சுவர் அரை மில்லிமீட்டர் தூரத்தில்தான் இருக்கும். அது சுவரைத் தொட்டுவிடும். துளைகள் இந்த அளவில் அமைவதன் காரணம் இப்போது புரிகிறதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

10 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம், 10 செ.மீ. நீளம் கொண்ட சதுரக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு உட்சுவர்களின் பரப்பு:

4 × 10 × 10 = 400 சதுர செ.மீ.

அதே குழாயை 1 மி.மீ. கட்டங்களாகப் பிரித்தால் 100 × 100 = 10,000 துளைகள் கிடைக்கும். ஒவ்வொரு துளையின் உட்சுவர்ப் பரப்பு 4 × 0.1 × 10 = 4 சதுர செ.மீ. எனவே மொத்தப் பரப்பு 40,000 சதுர செ.மீ., அதாவது 4 சதுர மீட்டர். குழாயின் பருமன் மாறவில்லை. சுவர்ப் பரப்பு மட்டும் நூறு மடங்கு கூடிவிட்டது.

அப்படியானால் துளையை இன்னும் சிறிதாக்கிக்கொண்டே போகலாமே? முடியாது. இங்கேதான் வடிவமைப்பாளரின் சிக்கல் தொடங்குகிறது.

பாதி துளை, நான்கு மடங்கு எதிர்ப்பு

சிறிய துளைக்குள் வாயு கொந்தளிக்காமல், ஒரே சீராக நகரும். இதை வரிச்சீர் ஓட்டம் என்பார்கள். இத்தகைய ஓட்டத்தில், வாயுவின் வேகம் மாறாமல் துளையின் அகலத்தைப் பாதியாக்கினால், சுவர்ப் பரப்பு இரண்டு மடங்காகும். ஆனால் வாயுவைத் தள்ளத் தேவைப்படும் அழுத்தம் நான்கு மடங்காகும். அந்த அழுத்தத்தை எஞ்சின்தான் கொடுக்கவேண்டும். எஞ்சின் திணறும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்.

ஏறக்குறைய எல்லா மூலக்கூறுகளும் ஏற்கெனவே சுவரைத் தொட்டுவிட்டன என்றால், துளையை மேலும் சிறிதாக்குவதில் பெரிய பயன் இல்லை. எதிர்ப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்வதே நல்ல வடிவமைப்பு.

சுவரின் தடிமனும் முக்கியம். பெரும்பாலான கார்களில் இந்த உருளையைப் பீங்கானில் செய்கிறார்கள். 1 மி.மீ. கட்டத்தில் சுவரின் தடிமன் 0.15 மி.மீ. என்றால், திறந்திருக்கும் பங்கு 0.85 × 0.85, அதாவது சுமார் 72 விழுக்காடு. 0.05 மி.மீ. உலோகத் தகடு என்றால் 0.95 × 0.95, சுமார் 90 விழுக்காடு. உலோகத்தில் வாயுவுக்கு வழி அதிகம். அது விரைவாகச் சூடேறும். அதிர்வில் எளிதில் உடையாது. இடம் குறைவாகவும் அதிர்வு அதிகமாகவும் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு அது நன்கு பொருந்துகிறது.

பாய் சுருட்டுவது போல

தயாரிப்பு இப்படி நடக்கிறது. இரும்புடன் சுமார் 20 விழுக்காடு குரோமியமும் 5 விழுக்காடு அலுமினியமும் கலந்த தகட்டை, தலைமுடி அளவு மெல்லியதாக உருட்டுகிறார்கள். ஒரு நாடாவைப் பல்சக்கரங்கள் போன்ற இரண்டு உருளைகளுக்கு இடையே செலுத்தினால் அது அலை அலையாக வளைந்து வரும். அலையின் உயரமே துளையின் அளவைத் தீர்மானிக்கிறது. அதன்மேல் ஒரு தட்டையான நாடாவை வைத்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, எஃகுக் குழாய்க்குள் செருகுகிறார்கள். அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். தட்டைத் தாள், அலைத் தாள், தட்டைத் தாள் என்று அதே அமைப்பு தெரியும்.

ஆனால் பாயைச் சுருட்டி நடுவில் தள்ளினால் உள்சுற்றுகள் வெளியே நீண்டுவிடும் அல்லவா? எஞ்சினிலிருந்து புகை துடிப்புத் துடிப்பாக வந்து மோதும்போது இந்தச் சுருளுக்கும் அதே ஆபத்து உண்டு. அதைத் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தகடுகளை ஒரே மையத்தில் சுருட்டாமல், ஆங்கில எழுத்து ‘எஸ்’ வடிவில் இரு மையங்களைச் சுற்றிச் சுருட்டுவது. அப்போது ஒவ்வொரு தகட்டின் இரு முனைகளும் வெளிக்குழாயைத் தொட்டுப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, தகடுகள் தொடும் இடங்களில் நிக்கல் கலவைப் பொடியை இட்டு, 1,100 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கிப் பற்றவைப்பது. இதை வெற்றிடச் சூளையில்தான் செய்யவேண்டும். காற்று இருந்தால் தகட்டின் மேல் அலுமினிய ஆக்சைடு படர்ந்து, பற்று ஒட்டாமல் போய்விடும்.

பற்றவைத்து முடிந்த பிறகு அந்த ஆக்சைடே நண்பனாகிறது. உருளையைக் காற்றில் சூடாக்கினால் மேற்பரப்பில் படரும் ஆக்சைடுத் தோல், உலோகத்தைத் துருவிலிருந்து காக்கிறது. வினையூக்கிப் பூச்சு உரியாமல் பிடித்துக்கொள்ளவும் உதவுகிறது.

சட்டமும் சேர்ந்து நடக்கவேண்டும்

ஈயம் கலந்த பெட்ரோலை ஊற்றினால் ஈயம் சுவரில் படிந்து வினையூக்கியை மூடிவிடும். சிங்கப்பூரில் 1998 ஜூலைக்குள் அத்தகைய பெட்ரோல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. புதிய பெட்ரோல் கார்களுக்கு 2017 செப்டம்பரிலும், புதிய டீசல் வாகனங்களுக்கு 2018 ஜனவரியிலும் யூரோ 6 தரம் கட்டாயமானது. இந்தியாவில் அதற்கு இணையான பிஎஸ் 6 தரம் 2020 ஏப்ரல் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கும் பொருந்துகிறது.

2022 செப்டம்பர் 1ஆம் தேதி அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் கொள்கலன்களைச் சுமப்பவை ஓட்டுநரில்லா மின்வாகனங்கள். அவற்றுக்குப் புகைக்குழாயே கிடையாது. மின்வாகனங்கள் பெருகினால் உலோகத் தேன்கூடு காணாமல் போய்விடுமா? போகாது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதை உற்பத்தி செய்யும் வாயுச் சுழலிகளில், சுழலும் பகுதிக்கும் நிலையான உறைக்கும் உள்ள இடைவெளி வழியே வாயு கசியாமலிருக்க, உறையின் உட்பக்கத்தில் உலோகத் தேன்கூட்டைப் பதிப்பது வழக்கம். இங்கே வாயு துளைக்குள் புகுந்து மறுபக்கம் போவதில்லை. துளைகளின் வாயில் சுழன்று வேகம் இழக்கிறது. சுழலும் பகுதி தவறி உரசினாலும் மெல்லிய தகடுதான் தேயும், சுழலி தப்பும்.

செய்து பாருங்கள்

காலணிப் பெட்டியின் இரு முனைகளையும் வெட்டித் திறந்து, உள்ளே உறிஞ்சுகுழல்களை நெருக்கமாக அடுக்குங்கள். மேசை மின்விசிறியின் முன் அதை வைத்து, மறுமுனையில் மெல்லிய தாள் துண்டு ஒன்றைப் பிடியுங்கள். பிறகு குழல்களை எடுத்துவிட்டு, வெறும் பெட்டியுடன் மீண்டும் பாருங்கள். எப்போது தாள் அதிகமாகப் படபடக்கிறது? எப்போது காற்று பலமாக வருகிறது? குழல்கள் காற்றின் சுழற்சியைக் குறைத்து நேராக்கும். அதற்கு விலையாகக் காற்றின் வேகம் சற்றுக் குறையும். விமான மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கங்களிலும் இதற்காகவே தேன்கூடு வைக்கிறார்கள்.

யோசியுங்கள்: மேலே கணக்கிட்ட சதுரக் குழாயை 2 மி.மீ. கட்டங்களாகப் பிரித்தால் எத்தனை துளைகள்? மொத்தச் சுவர்ப் பரப்பு எவ்வளவு?

விடை: 2,500 துளைகள், 20,000 சதுர செ.மீ.