கைப்பேசிக்குள் ஓர் அமானிதம்

அமானிதம் என்றதும் நம்மில் பலருக்குப் பணமும் நகையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த நகைப்பெட்டியைத் திறவாமல் வைத்திருந்து, திரும்பி வந்ததும் அப்படியே ஒப்படைத்தால் அமானிதம் நிறைவேறிவிட்டதாகக் கருதுகிறோம். இது சரியே. ஆனால் மார்க்கம் கற்றுத்தரும் அமானிதம் இத்துடன் நின்றுவிடுவதில்லை. ஒருவர் நம்மிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, வேறு யார் காதிலாவது விழுந்ததோ என்று அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும். 'ரகசியம்' என்று அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அந்தப் பேச்சு நம்மிடம் அமானிதமாகிவிடுகிறது. அபூதாவூத், திர்மிதீ ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையாக இக்கருத்து இடம்பெற்றிருக்கிறது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் கைப்பேசியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அதில் இருப்பவை நம்முடைய விஷயங்கள் மட்டுமல்ல. உறவினர்களின் எண்கள், அண்டை வீட்டாரின் படங்கள், மஹல்லாவின் செய்திகள், நோயாளிகளின் மருத்துவச் சீட்டுகள், கடன்பட்டவர்களின் கண்ணீர்க் குரல்கள் எல்லாம் அதில் உள்ளன. அவ்வளவும் பிறர் நம்மை நம்பிக் கொடுத்தவை. இந்த அமானிதம் எங்கே போகிறது, யாரால் போகிறது என்பதே நம் பாடம்.

ஏடுகள் தனித்தனியே இருந்த காலம்

மக்களைப் பற்றிக் கணக்கு எடுப்பது புதிதன்று. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் நம் திருக்காட்டுப்பள்ளிப் பகுதியில், யாருக்கு எத்தனை மா நிலம், அதில் குறுவையா சம்பாவா என்பது கணக்குப்பிள்ளையின் அடங்கலில் இருந்தது. 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோதும் அந்த ஏடு தொடர்ந்தது. வீட்டில் எத்தனை பேர் என்பது ரேஷன் கடைப் பதிவேட்டில் இருந்தது. யார் எவ்வளவு பாக்கி என்பது மளிகைக் கடையின் பற்று நோட்டில் இருந்தது. நிக்காஹ், தலாக், மவுத்து ஆகியவை ஜமாஅத்தின் ஏட்டில் இருந்தன.

இந்த ஏடுகளில் பிழையும் இருந்தது, ஓரவஞ்சனையும் இருந்தது. அந்தக் காலமே பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு பாதுகாப்பு இருந்தது. ஒவ்வோர் ஏடும் தன் அலமாரியிலேயே கிடந்தது. மளிகைக் கடைக்காரருக்கு அடங்கல் தெரியாது. கணக்குப்பிள்ளைக்குப் பற்று நோட்டு தெரியாது. ஒரு குடும்பத்தின் முழு வாழ்வையும் ஒரே இடத்தில் புரட்டிப் பார்க்க எவராலும் முடியவில்லை.

ஒரே நூலில் கோத்த ஏடுகள்

இன்று நடந்திருக்கும் பெரிய மாற்றம் இதுதான்: தனித்தனியே கிடந்த ஏடுகளை ஒரே நூலில் கோத்துவிட முடிகிறது. கைப்பேசி எண் ஒரு நூல். ஆதார் எண் மற்றொரு நூல். முதல் ஆதார் எண் 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்ளி கிராமத்தில் வழங்கப்பட்டது. தமிழகத்தில் 2017இல் ரேஷன் அட்டை ஸ்மார்ட் அட்டையாக மாறியது. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கும் விவசாயி சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் காட்டுகிறார். 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்கள் வரப்பில் இறங்கிக் கைப்பேசியிலேயே பயிர்க் கணக்கு எடுத்தார்கள். 2025இல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் பதிவும் நடந்தது.

இவற்றில் நன்மை இருக்கிறது. நெல்லுக்கான பணம் இடையில் நிற்பவர் கையில் சிக்காமல் நேரே கணக்குக்கு வருகிறது. வளைகுடாவில் உழைக்கும் மகனின் முகத்தைத் தாய் அன்றாடம் பார்க்கிறாள். ஆகவே கருவியைச் சபிப்பது அறிவுடைமையன்று. அதே நேரத்தில், வயல் வேலையில் ரேகை தேய்ந்த ஒரு மூதாட்டியின் விரலை இயந்திரம் ஏற்க மறுத்து, அவர் தம் ஊரிலேயே தாம் யார் என்று நிரூபிக்க நிற்பதையும் காண்கிறோம். இதற்காகவே கருவிழியைப் பார்க்கும் கருவிகளும் ரேஷன் கடைகளுக்கு வந்துள்ளன. ஏட்டை எழுதுகிறவர் முகம் தெரிந்த மனிதராக இருந்தபோது சொல்லிப் புரியவைக்க முடிந்தது. இயந்திரத்திடம் அது முடிவதில்லை.

அரசின் ஏடுகளாவது கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஏடு ஒன்று நம் சட்டைப்பையிலேயே எழுதப்படுகிறது. அதற்கு நம் இபாதத்தோடு தொடர்புடைய ஓர் உதாரணமே உண்டு.

வக்து காட்டும் செயலி

தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ' என்ற செயலியை உலகெங்கும் 9 கோடிக்கும் அதிகமான முறை மக்கள் தரவிறக்கியிருந்தனர். அதைப் பயன்படுத்துவோர் இருக்கும் இடம் பற்றிய விவரம் 'எக்ஸ்-மோட்' என்ற நிறுவனத்துக்குச் செல்கிறது என்றும், எக்ஸ்-மோட் சேகரிக்கும் இட விவரங்கள் அமெரிக்க ராணுவத்துக்குப் பணிபுரியும் ஒப்பந்தக்காரர்களுக்கு விற்கப்படுகின்றன என்றும் 'மதர்போர்டு' என்ற செய்தித்தளம் 2020 நவம்பரில் வெளியிட்டது. ராணுவத்துக்குத் தாங்கள் நேரே விற்கவில்லை என்று செயலியின் நிறுவனம் மறுத்தது; எனினும் எக்ஸ்-மோடுடன் உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. 2024இல் அமெரிக்க வணிக ஆணையம், மருத்துவமனை, வழிபாட்டுத்தலம் போன்ற இடங்களுக்கு மக்கள் சென்றுவரும் விவரங்களை விற்கக் கூடாதென்று எக்ஸ்-மோடின் வழிவந்த நிறுவனத்துக்குத் தடை விதித்தது.

இது எப்படி நடக்கிறது? செயலிக்குள் வேறொரு நிறுவனம் எழுதித் தந்த சிறு பகுதி பொருத்தப்படுகிறது. நாம் வக்தைப் பார்க்க, அது நாம் நிற்கும் இடத்தைத் தன் முதலாளிக்கு அனுப்புகிறது. பெயர் போகாவிட்டாலும் பாதகமில்லை. இரவில் ஒரு வீடு, ஃபஜ்ரில் ஒரு பள்ளிவாசல், பகலில் ஒரு கடை, செவ்வாய்தோறும் ஒரு மருத்துவமனை என்று புள்ளிகளைச் சேர்த்தால், அந்தக் கைப்பேசிக்கு உரியவர் யார், என்ன நோயுடையவர் என்பதை ஊகிக்கப் பெயர் எதற்கு?

இத்தனைக்கும் தஞ்சைப் பகுதியிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்த திசையில் என்றும் இருக்கிறது. அது நாளுக்கு நாள் மாறுவதில்லை. வக்தை அறிய ஊரின் பெயர் போதும்; நாம் நிற்கும் தெருவை எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஜமாஅத் அச்சிட்டுத் தரும் நேர அட்டவணை யாரையும் வேவு பார்ப்பதுமில்லை.

நாம் கொடுப்பது யாருடையது?

இதுவரை சொன்னதில் நாம் பறிகொடுத்தவர்கள். இனிச் சொல்வதில் நாமே எடுத்துக் கொடுப்பவர்கள்.

அவசரத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வேண்டுமென்று கடன் செயலி ஒன்றை ஒருவர் திறக்கிறார். தொடர்புப் பட்டியலைப் பார்க்க அது அனுமதி கேட்கிறது. 'சரி' என்று தொட்டுவிடுகிறார். வட்டியின் பாவம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பட்டியலில் இருந்த முந்நூறு பேரும் அவருக்கு அனுமதி கொடுத்தார்களா? தவணை தவறியதும் மாமியாருக்கும் மதரஸா உஸ்தாதுக்கும் முதலாளிக்கும் அவமானப்படுத்தும் செய்திகள் பறந்த கொடுமை நாடெங்கும் நடந்தது. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது இதனால்தான். விதி வந்தும், அனுமதியற்ற செயலிகள் இன்னும் கேட்கத்தான் செய்கின்றன. நாமும் கொடுக்கத்தான் செய்கிறோம்.

படங்களின் கதை இதைவிடக் கசப்பானது. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் முஸ்லிம் பெண்கள் பலரின் படங்களைச் சமூக ஊடகங்களிலிருந்து திருடி, அவர்களை ஏலம் விடுவதுபோல் காட்டும் இரு இணையப் பக்கங்களை இழிமக்கள் சிலர் உண்டாக்கினர். அவற்றின் பெயர்களை இங்கே எழுத நாம் விரும்பவில்லை. அச்சகோதரிகள் மீது எந்தக் குற்றமும் இல்லை; குற்றம் முழுவதும் திருடியவர்களுடையதே. கைதுகளும் நடந்தன. ஆனால் நமக்கு ஒரு பாடம் உண்டு. நிக்காஹ் வீட்டில் நாம் எடுத்து, யாரையும் கேளாமல் நூறு பேர் உள்ள குழுவில் போடும் படத்தில் எத்தனை வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள்! பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்கவேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. வாசலில் அனுமதி கேட்கும் நாம், அந்த வீட்டின் உள்ளறையைக் கைப்பேசியில் ஏற்றி ஊருக்கே திறந்துவிடலாமா?

குடமுருட்டித் தலைப்பில் மதகைத் திறந்துவிட்ட தண்ணீரை மீண்டும் காவிரிக்கு அழைத்துக்கொள்ள முடியாது. அனுப்பிய படமும் அப்படித்தான். நம் கைப்பேசியில் அழித்தால் நம்மிடம் மட்டுமே அழியும்.

விரல் செய்யும் கொலை

2018 மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற குடும்பத்தில் ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் அதற்கு முன் சுற்றிய வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது, அம்மூதாட்டி உயிரிழந்தார். இதுபோன்ற கொலைகள் பல மாநிலங்களில் நடந்த பின்னர், 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது.

அந்த வதந்தியை அனுப்பியவர்கள் எல்லாரும் கொலைகாரர்களா? பலர் பிள்ளைகள் மீது பாசமுள்ள தாய்மார்களாக இருந்திருப்பார்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று அனுப்பியிருப்பார்கள். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், வந்த செய்தியை விசாரித்துத் தெளியாவிட்டால் அறியாத மக்களுக்குத் தீங்கிழைத்துவிட்டு வருந்த நேரும் என்று எச்சரிக்கிறது. அதே அத்தியாயத்தின் 12ஆம் வசனம் வீண் சந்தேகம், துருவி ஆராய்தல், புறம் பேசுதல் ஆகிய மூன்றையும் வரிசையாகத் தடுக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு வாசல் என்பதால்தான் அந்த வரிசை போலும்!

சட்டம் நிற்கும் இடம்

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதில் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடமுண்டு. ஆனால் அதன் 3ஆம் பிரிவைக் கவனிக்கவேண்டும். ஒரு தனிமனிதர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவல்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. இது நியாயமே, ஒவ்வொரு வீட்டின் கைப்பேசியிலும் அரசாங்கம் தலையிடுவதை யார் விரும்புவார்?

ஆனால் சட்டம் நின்றுவிடும் அந்த இடத்தில்தான் அமானிதம் தொடங்குகிறது. அங்கே காவலர் இல்லை, அபராதம் இல்லை. நம் ஈமானும் மறுமை விசாரணையும் மட்டுமே உள்ளன.

ஜமாஅத்தின் ஏடு

இப்பாடம் வீட்டோடு முடிவதில்லை. பைத்துல்மால் உதவி பெறும் கைம்பெண்களின் பட்டியல், ஃபித்ரா பெறும் குடும்பங்களின் கணக்கு, கல்வி உதவிக்கு வந்த மனுக்கள் ஆகியவை ஜமாஅத்தின் கையில் உள்ளன. முன்பு இவை முத்தவல்லியின் பெட்டியில் இருந்தன. இப்போது 'கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும்' என்ற நல்லெண்ணத்திலேயே பெயரும் தொகையும் குழுவில் போடப்படுகின்றன. அரிசிப்பை வாங்கும் கையும் முகமும் படமாகின்றன. கணக்கு வெளிப்படையாக இருக்கத்தான் வேண்டும். அதற்கு மொத்த வரவும் மொத்தச் செலவும் பயன்பெற்றோர் எண்ணிக்கையும் போதாதா? சொல்லிக்காட்டியும் மனம் நோகச்செய்தும் தர்மத்தைப் பாழாக்கவேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனம் அறிவுறுத்துகிறது. பள்ளிக்கூடத்தில் தன் தாயின் படத்தைச் சக மாணவன் காட்டக் காணும் ஒரு பிள்ளையின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வீட்டில் செய்யவேண்டியவை

1. தொழுகைச் செயலியில் இட அனுமதியை நிறுத்திவிட்டு, ஊரின் பெயரை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்வோம்.

2. தொடர்புப் பட்டியலைக் கேட்கும் செயலி எதுவாயினும், அது எதற்கென்று கேட்போம். விடை தெரியாவிட்டால் மறுப்போம்.

3. ஆதார் நகல் கேட்கும் இடத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்பார்களா என்று கேட்டுப் பார்ப்போம். கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் ஆதார் ஆணையத்தால் தரப்பட்டுள்ளது.

4. பிறர் இருக்கும் படத்தை அவர்களைக் கேளாமல் அனுப்பமாட்டோம். குழந்தைகளாயின் பெற்றோரைக் கேட்போம்.

5. விசாரிக்காத செய்தி நம் கைப்பேசியோடு நிற்கட்டும். 'வந்ததை அனுப்பினேன்' என்பது சமாதானமாகாது.

6. ஜமாஅத்தில் உதவி பெறுவோர் பட்டியலைப் பார்க்கும் பொறுப்பை இரண்டு மூன்று பேருக்கு மட்டும் ஒப்படைக்க ஏற்பாடு செய்வோம்.

7. பண மோசடியோ மிரட்டலோ நேர்ந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிப்போம். ஏமாந்தவரை வீட்டார் ஏசாமல் இருப்பதும் இதில் அடங்கும். ஏச்சுக்கு அஞ்சியே பலர் மறைக்கிறார்கள்.

இவற்றுக்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. நகைப்பெட்டியைக் கொடுத்துவைத்தவரை நினைத்து அதைத் திறவாமல் வைத்திருக்கும் அதே மனம் போதும். அந்த மனத்தைக் கைப்பேசிக்கும் கொண்டுவருவோம். நம்மை நம்பியவர்களின் மானத்தைக் காத்து நிற்கும் நல்லருளை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.