மட்கார்டு போல்ட் மசியவில்லையா?

“ஸ்பேனர்ல பைப்பைச் சொருகி ஓங்கி ஒரு இழு, வந்துடும்.”

வரும், தலை மட்டும். மட்கார்டைப் பிடித்திருப்பது பெரும்பாலும் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் ஏறும் 6 மி.மீ. போல்ட், அந்த இழுவையைத் தாங்காது. முன் மட்கார்டு இன்னும் வம்பு. பல வண்டிகளில் அந்த போல்ட் ஃபோர்க்கின் அலுமினியக் குழாயில் இறங்குகிறது. ஈரத்தில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகி இடுக்கை அடைத்துக்கொள்ளும். முரட்டுத்தனமாகத் திருகினால் ஃபோர்க்கின் மரையும் சேர்ந்து பிய்ந்து வரும்.

கம்பி பிரஷ்ஷால் மண்ணையும் துருவையும் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை இரவே விட்டுவையுங்கள். எல்லோரும் போல்ட் தலையில்தான் அடிப்பார்கள். எண்ணெய் போக வேண்டியது மட்கார்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்கு. பிரேக் டிஸ்க்கைத் துணியால் மூடுங்கள், அதில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. காலையில் ரிங் ஸ்பேனர் போட்டு முதலில் இறுக்கும் பக்கம் துளி அசையுங்கள், பிறகு கழற்றுங்கள். ‘கிறீச்’ என்று கால் சுற்று வந்ததும் மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. அவசரக்காரர்கள் போல்ட்டை முறிப்பது இந்தக் கட்டத்தில்தான்.

“டபிள்யூடி-40 அடிச்சா எதுவும் இளகும்.”

1953-இல் அமெரிக்காவில் அது உருவானது ஈரத்தை விரட்டித் துரு ஏறாமல் காக்க. லேசான பிடிப்புக்குப் போதும். பல மழைக்காலம் பார்த்த போல்ட்டுக்கு, துரு இளக்கவென்றே விற்கும் எண்ணெய்தான் சரி.

“ஸ்டார் ஸ்க்ரூவுக்கு ஏதாவதொரு ஸ்டார் திருப்புளி.”

ஜப்பானிய வண்டிகளின் ஸ்க்ரூ பெரும்பாலும் ஜேஐஎஸ் வகை. தலையில் சின்னப் புள்ளி இருந்தால் அதுவேதான். சாதாரண பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, குழியை மழித்துவிடும். ஜேஐஎஸ் முனை மாட்டிய இம்பாக்ட் திருப்புளியைச் சுத்தியலால் தட்டினால், அடியே திருகலாக மாறும்.

“காய்ச்சினா கழன்றுடும்.”

சூடு பிடியை இளக்கும், உண்மைதான். ஆனால் கேஸ் சுடர் பட்டால் பெயின்ட் கொப்பளிக்கும், குரோம் நீலம் பாயும், பின் மட்கார்டின் அடியில் ஓடும் டெயில் லாம்ப் வயர் உருகும். எண்ணெயும் பெட்ரோலும் அருகில் இருந்தால் சொல்லவே வேண்டாம். பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைப் போல்ட் தலையில் அழுத்திச் சூடேற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் மட்கார்டுக்கு அதுவும் கூடாது.

தலை ஏற்கெனவே மழுங்கிவிட்டால், அடியில் நட்டு இருக்கும் இடங்களில் அதையே அறுத்துவிடலாம். புது நட்டு எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். பழைய புல்லட்டின் அசல் மட்கார்டுக்குத்தான் அலைய வேண்டும்.