அப்பாவோட பழைய காரை வச்சிருக்கலாமா, உடைச்சிடலாமா?

அமெரிக்காவுல டெமாலிஷன் டெர்பின்னு ஒரு போட்டி உண்டு. பழைய கார்களை ஒண்ணோட ஒண்ணு மோத விடுவாங்க, கடைசி வரைக்கும் ஓடுற கார் ஜெயிக்கும். நம்ம தொப்பம்பட்டிப் பக்கம் அந்த உடைக்கிற வேலையைக் காயலாங்கடை பார்த்துக்கும்.

"வச்சிருந்தா விண்டேஜ் ரேட்டுக்குப் போகும் சார்"னு சொல்றீங்க. கணக்குப் போடுவோம்.

2021-ல வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டினாதான் விண்டேஜ். சேஸி, பாடி, இன்ஜின்ல பெருசா கை வச்சிருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அப்பவும் கண்காட்சி, ரேலின்னுதான் ரோட்டுல எடுக்கலாம், தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது.

உங்க வீட்டு 2000 மாடல் மாருதி 800-க்கு அந்தத் தகுதி 2050-லதான் வரும்! 20 வருஷம் தாண்டின காருக்கு ஆர்சி புதுப்பிக்க 10,000 ரூபாய். 5 வருஷத்துக்கு ஒரு தடவைன்னா, 2030-லிருந்து 2045 வரை நாலு தடவை, இன்னைய ரேட்லயே 40,000. இன்சூரன்ஸ், எலி கடிச்ச வயரிங் எல்லாம் தனி. இத்தனைக்கும் இது இந்தியாவுல 26 லட்சத்துக்கு மேல வித்த கார். அபூர்வமா என்ன?

(சொந்த உபயோகக் காரை லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டத்தையும் கழிக்க முடியாது.)

அப்பாவுக்கு ஆசைன்னா வச்சிக்கோங்க, ஆனா அதை முதலீட்டுக் கணக்குல எழுதாதீங்க, செலவுல எழுதுங்க.

கொடுக்கிறதா முடிவு பண்ணா, அரசுப் பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்துல கொடுத்து டெபாசிட் சர்டிஃபிகேட் வாங்குங்க. புதுக் கார் சாலை வரியில 25% வரை சலுகைக்கு மத்திய விதியில இடம் இருக்கு. முக்கியமா, ஆர்சியை ரத்து பண்ணுங்க. பண்ணாம காயலாங்கடையில விட்டா, அந்த வண்டி எங்க மாட்டினாலும் நோட்டீஸ் அப்பா பேருக்குத்தான் வரும்.