உப்புத் தண்ணீரும் எமன் வீட்டு வரமும்

இந்த மாத வகுப்புக்கு உபநிடதங்களிலிருந்து இரண்டு அப்பாக்களை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் நம் வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் கேளுங்கள்.

"சாப்பிட்டியா?" "ம்." "மோட்டாருக்கு எண்ணெய் ஊத்தினியா?" "ம்."

மிச்சமெல்லாம் அம்மா வழியாகப் போகும். "உன் பிள்ளைகிட்ட சொல்லி வை." "அப்பாகிட்ட நீயே கேளும்மா." எஸ்.பி.எம். முடிந்து, அடுத்து என்ன படிப்பது என்று முடிவெடுக்கிற வாரத்தில்தான், ஒருத்தர் மனசில் இருப்பது இன்னொருத்தருக்குத் தெரியாது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கும்.

முதல் அப்பா கட உபநிடதத்தில் வருகிற வாஜசிரவஸ். வேள்வி செய்து தம் உடைமையெல்லாம் தானம் கொடுக்கிறார். ஆனால் தானமாகப் போகும் பசுக்கள் பால் வற்றியவை, இனி கன்று ஈனாதவை. மகன் நசிகேதனுக்கு மனசு கேட்கவில்லை. "என்னை யாருக்குத் தரப் போகிறீர்கள்?" என்கிறான். பதில் இல்லை. மூன்றாம் முறை கேட்டதும், "எமனுக்கு!" என்று சீறுகிறார். (வேள்வி நடக்கும்போதுதான் கேட்கணுமா என்று எனக்கும் தோன்றும். ஆனால் கேள்வி நியாயமானது.)

பையன் எமன் வீட்டுக்கே போய், மூன்று இரவு பட்டினியாகக் காத்திருக்கிறான். எமன் மூன்று வரம் தருகிறார். மரணத்துக்குப் பின் என்ன என்ற மூன்றாவது வரம்தான் பலருக்கும் ஞாபகம் இருக்கும். முதல் வரத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறோம்: அப்பாவின் கோபம் தணியணும், நான் திரும்பிப் போனால் என்னை அடையாளம் கண்டு பேசணும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைத்தொலைபேசியோடு கிடக்கும் நம்ம பையனும் இதைத்தான் கேட்பான், வாய் திறந்தால்.

இரண்டாவது அப்பா சாந்தோக்கிய உபநிடதத்து உத்தாலகர். மகன் சுவேதகேது 12 வயதில் குருவிடம் போய், 24 வயதில் எல்லாம் படித்தாச்சு என்ற மிதப்போடு வருகிறான். அப்பா திட்டவில்லை. ஒரு கேள்வி கேட்கிறார். பையனுக்குப் பதில் தெரியவில்லை; "நீங்களே சொல்லுங்கள்" என்கிறான். அப்புறம் நடப்பது எங்கள் ஆய்வுக்கூட வேலை மாதிரி. ஆலம்பழத்தைக் கொண்டு வா, உடை, என்ன தெரிகிறது? விதையையும் உடை, இப்போது? உப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காலையில் வா. மேலே குடித்துப் பார், நடுவே, அடியிலே. மகன் விடாமல் "இன்னும் சொல்லுங்கள்" என்கிறான்.

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பொருள் இருந்ததைக் கவனியுங்கள். "உட்கார், உன்கிட்ட பேசணும்" என்று ஆரம்பித்தால் அது விசாரணை. எங்கள் வீட்டில் அது மோட்டார். கறுப்பு எண்ணெய் வடிகிற வரைக்கும் வேறு வேலை கிடையாது. படிவம் 3-ஓடு படிப்பை விட்டுத் தோட்டத்திலிருந்து வந்ததை அப்பா அந்த நேரத்தில்தான் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமலே. நானும் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே, எனக்கு இயந்திரவியல் பிடிக்கிறது, கணக்கு பயமாக இருக்கிறது என்றேன். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "எந்தக் கணக்கு?" என்று கேட்டார்.

அடுத்த வகுப்புக்கு முன் ஒரு வேலை. 17 வயதில் என்னவாக ஆசைப்பட்டார் என்று அப்பாவிடம் கேளுங்கள், காரில் போகும்போதோ கார் கழுவும்போதோ. அப்பா இல்லாதவர்கள் மாமாவிடமோ தாத்தாவிடமோ கேட்கலாம். பெற்றோர் யாராவது இதைப் படித்தால், அதே கேள்வியை மகனிடம் கேட்டுவிட்டு அவன் முடிக்கிறவரை பொறுத்திருங்கள். பதிலை எழுதிக்கொண்டு வர வேண்டாம். அது உங்கள் வீட்டு விஷயம்.