வாசற்படி ஏறிய வாத்தியார்

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமல், "எழுதிப் போடறேன்" என்று வைத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் டீச்சராக இருந்தவளுக்கு இதற்கும் யோசனையா என்று நினைத்திருப்பாய். வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் "அன்பா நடந்துக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்றுதான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்வதற்கு ஆசிரியர் தின வாழ்த்து அட்டையே போதும், நான் எதற்கு?

நீ சொன்ன உன் வகுப்புப் பையனுக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பு, கடைசி பெஞ்சு, எழுத்துக் கூட்டவே தடுமாறுகிறான். எழுப்பிப் படிக்கச் சொன்னால் வகுப்பு சிரிக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வருகிறான், மற்ற நாளில் பந்தல் போடுகிற ஆட்களோடு போவதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். உனக்கோ நாற்பது நிமிஷப் பாடவேளை, நாற்பத்திரண்டு பிள்ளைகள், எமிஸ் இணையதளத்தில் ஏற்றவேண்டிய விவரங்கள் வேறு. "இதுல நான் ஒருத்தி என்ன பண்ணிட முடியும் பெரியம்மா?" என்றாய்.

'அந்நியன்' படித்திருக்கிறாய் அல்லவா, வெ. ஸ்ரீராம் தமிழில் கொடுத்தது? அதை எழுதிய ஆல்பெர் காம்யுவுக்கு ஒரு வாத்தியார் இருந்தார், லூயி ஜெர்மேன் என்று. அவர் செய்தது இரண்டே காரியம். அதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும் என்று இன்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அல்ஜீரியா அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அல்ஜியர்ஸ் நகரத்தில் பெல்கூர் என்று கூலிக்காரர்களும் சின்னத் தொழிலாளிகளும் வாழ்ந்த பேட்டை. காம்யு 1913 நவம்பரில் பிறந்தார். அடுத்த வருஷம் அக்டோபரில், பிள்ளைக்கு ஒரு வயது முடியும் முன்பே, அப்பா முதல் உலகப் போரில் காயம்பட்டு இறந்துபோனார். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, பேச்சும் குறைவு, எழுதப் படிக்கத் தெரியாது. வீடுகளைத் துடைத்துப் பெருக்கிச் சம்பாதித்தாள். வீட்டை ஆண்டவள் பாட்டி. கையில் சாட்டை வைத்திருந்த பாட்டி. மின்சாரம் இல்லாத அந்த வீட்டில் புத்தகம் என்று ஒன்றுகூட இருக்கவில்லை. ஆரம்பப் பள்ளி முடிந்தால் பையன் வேலைக்குப் போய்ப் பணம் கொண்டுவர வேண்டும் என்பது பாட்டியின் கணக்கு. அவள்மேல் கோபப்படாதே. அரிசி விலை தெரிந்தவர்கள் போடுகிற கணக்கு அது. நம் ஊரிலும் அதே கணக்குதான்.

1923-24இல் காம்யு ஜெர்மேனின் வகுப்பில் இருந்தார். மேலே படிக்க வேண்டுமென்றால் லிசே என்ற உயர்பள்ளிக்குப் போக வேண்டும். ஏழைப் பிள்ளை அங்கே போக உதவித்தொகைத் தேர்வில் தேறியாக வேண்டும். ஜெர்மேன் தன் வகுப்பிலிருந்து சில பையன்களைப் பொறுக்கி எடுத்து, பள்ளி நேரம் போக நாளுக்கு இரண்டு மணி நேரம் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்தார். இது முதல் காரியம்.

இரண்டாவது காரியம், அந்த வீட்டுக்கு நேரில் போனது. பாட்டி மறுத்தபோது, "குடும்பத்துக்கு விருப்பமில்லை" என்று பதிவேட்டில் எழுதி மூடிவிட்டிருக்கலாம். அவர் போய் உட்கார்ந்து பேசினார், பாட்டி இறங்கி வந்தாள். 1924இல் பையன் தேறி லிசேயில் சேர்ந்தான்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டாவதுதான். தனி வகுப்பு நடத்துகிற டீச்சர்கள் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்காகச் சாயங்காலம் ஐந்தரை வரை உட்கார்ந்து, மனத்திறன் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொல்லிக்கொடுப்பவர்களை எனக்கே தெரியும். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நாலு வருஷத்தில் 48,000. பிள்ளையை மில்லுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற வீட்டில் அந்தத் தொகை பேசும். ஜெர்மேன் நடத்தியதும் ஏறக்குறைய இதே வகுப்புதான். ஆனால் வாசற்படி ஏறுகிறவர்கள் குறைவு. நானும் ஏறாதவள்.

இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எனக்கு நாலாவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ, ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். சுமாராகப் படிப்பாள், கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். ஜூன் மாதம் அவள் அம்மா டி.சி. கேட்டு வந்தாள். சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லையாம். நூலகப் புத்தகம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நிமிஷ வேலை. அந்தப் பெண் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள், நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போய்ப் பேசியிருந்தால் அந்த அம்மா மனசு மாறியிருப்பாளா? தெரியாது. கேட்டுப் பார்த்திருக்கலாம். இன்றைக்கும் அழகான கையெழுத்தை எங்காவது பார்த்தால் எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வருகிறது.

சரி, காம்யுவுக்குத் திரும்புகிறேன். லிசேயில் சேர்ந்ததோடு கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. பள்ளி நகரத்தின் மறுகோடியில், டிராமில் போகவேண்டும். அவர் எழுதி முடிக்காமல் விட்ட நாவல் ஒன்று உண்டு, தமிழில் 'முதல் மனிதன்' என்று வந்திருக்கிறது. அதில் ஒரு இடம். புதுப்பள்ளியில் பையனிடம் படிவம் ஒன்றைக் கொடுக்கிறார்கள். பெற்றோர் தொழில் என்ன? என்ன எழுதுவதென்று குழம்பி, கடைசியில் 'வேலைக்காரி' என்பதற்கான சொல்லை எழுதும்போது வெட்கம் வருகிறது. அம்மாவை நினைத்து வெட்கப்பட்டோமே என்று உடனே அடுத்த வெட்கமும் வருகிறது. இதைப் படித்த பிறகுதான் நான் வகுப்பில் எல்லார் முன்னாலும் "உங்கப்பா என்ன வேலைடா?" என்று கேட்பதை நிறுத்தினேன். அதற்குள் இருபது வருஷ சர்வீஸ் ஓடிவிட்டது. நீ முதல் வருஷத்திலேயே நிறுத்திவிடு. விவரம் வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேள்.

பதினேழு வயதில் அவருக்குக் காசநோய் வந்து படிப்பு நின்றது. அப்போது இன்னொரு ஆசிரியர், தத்துவம் நடத்திய ழான் க்ரெனியே, பெல்கூருக்கு வீடு தேடிப் போனார். பையன் சரியாகப் பேசவில்லை, ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையோடு சரி. நம்மைப் பிடிக்கவில்லையோ என்று வாத்தியாருக்குத் தோன்றியிருக்கிறது. உண்மையில் பையன் வாயடைத்துப் போயிருந்தான், இவ்வளவு பெரிய மனிதர் நம் வீட்டுக்கு வந்திருக்கிறாரே என்று. 1937இல் வந்த தன் முதல் புத்தகத்தை அந்தப் பையன் க்ரெனியேவுக்குத்தான் சமர்ப்பித்தான். நீ போகும்போதும் உன் பையன் பேசமாட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான், இல்லை பின்வாசல் வழியாக ஓடிவிடுவான். அதை வைத்து எதையும் முடிவுகட்டாதே.

ஜெர்மேனைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. அந்த நாவலில் வருகிற வாத்தியார் கட்டையால் அடிப்பவர், அந்தக் கட்டைக்குச் செல்லப்பெயர் வேறு. இன்று நீ அப்படிச் செய்தால் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒழுங்கு நடவடிக்கை வரும், செய்யவும் மாட்டாய். அவர் தனியாகச் சொல்லிக்கொடுத்ததும் கெட்டிக்காரப் பையன்கள் சிலருக்குத்தான். மற்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த நாட்டின் அரபுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடத்துக்குள் நுழையவே வழியில்லாமல் இருந்தது. நல்ல வாத்தியாரின் கை, வகுப்புக்குள் வந்து உட்கார்ந்த பிள்ளை வரைக்கும்தான் எட்டும். அதற்கு வெளியே இருப்பது அரசாங்கத்தின் கடமை. இதை மறந்துவிட்டு எல்லாப் பாரத்தையும் உன் தோளில் ஏற்றுகிறவர்கள் பேச்சைக் கேட்காதே.

உன் பையன் உதவித்தொகைத் தேர்வுக்குத் தயாராகிற பையனும் இல்லை. அவனுக்கு முதலில் எழுத்து வேண்டும். ஆகவே வேலையை இப்படி வைத்துக்கொள்.

முதலில் கண்ணைப் பரிசோதிக்கச் சொல். சிரிக்காதே. கரும்பலகை தெரியாமலே ஏழு வருஷம் ஓட்டிய பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கிறது. காதும் பார்க்கவேண்டும். இரண்டும் சரியாக இருந்து, சொல்லிக்கொடுத்தும் எழுத்து நிற்கவில்லை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், அவரிடம் காட்டு. டிஸ்லெக்சியா என்று சான்று கிடைத்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆளும் உண்டு. இதெல்லாம் அவன் வீட்டுக்குத் தெரிந்திருக்காது. நீதான் சொல்லவேண்டும், படிவத்தையும் நீதான் நிரப்பித் தரவேண்டும். பிள்ளைமேல் பாசம் என்பது பாதி நேரம் படிவம் நிரப்புவதுதான்.

படிப்பு சொல்லித்தர ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் கையில் எடுக்காதே. பதின்மூன்று வயதுப் பையன் அணிலையும் ஆட்டையும் பார்த்தால் கூனிக் குறுகிப் போவான். அவன் பந்தல் வேலைக்குப் போகிறானே, அதையே கேள். முகூர்த்தக்கால் எப்படி நடுவது, எத்தனை கம்பு, கயிற்றில் என்ன முடிச்சு, வாழைமரத்தை எந்தப் பக்கம் கட்டுவது. அவன் சொல்லச் சொல்ல, அவன் வார்த்தையிலேயே ஐந்து வரி எழுதிக்கொள். அதைத் திருப்பி அவனிடம் படிக்கக் கொடு. என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு முன்பே தெரியும், அதனால் பயம் இருக்காது. பந்தல், கம்பு, கயிறு, வாழை என்று நாலு வார்த்தையில் எத்தனை எழுத்து வந்துவிட்டது பார்! அவன் கல்யாண மண்டப வாசலில் கட்டுகிற 'நல்வரவு' பலகையைக் கண்ணால் அடையாளம் வைத்திருப்பான், எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டான். அதைப் பிரித்துக் காட்டு.

இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் அ, ஆ சொல்லிவிடுவார்கள், க், ங் சொல்லிவிடுவார்கள். விழுவது கொம்பிலும் காலிலும். 'கெ' என்று வாய் சொல்லும்போது 'க' முதலில் வருகிறது, எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'கொ' வந்தால் இரண்டு பக்கமும் காவல். நமக்குப் பழகிவிட்டதால் இதிலுள்ள சிரமம் தெரிவதில்லை. ஒற்றைக்கொம்புக்கு ஒரு வாரம், இரட்டைக்கொம்புக்கு ஒரு வாரம் என்று நிதானமாகப் போ. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிஷம் போதும், மரத்தடியில், மற்ற பிள்ளைகள் கண்ணில் படாமல். ஜெர்மேன் மாதிரி இரண்டு மணி நேரம் உன்னால் முடியாது, ராத்திரி உனக்கும் வீடு இருக்கிறது. வகுப்பில் அவன் எழுந்து படிக்கவேண்டிய முறை வந்தால், முந்தின நாளே அந்தப் பத்தியை மரத்தடியில் படிக்க வைத்துவிடு. ஒரே ஒரு தடவை தடுமாறாமல் படித்தான் என்றால் சிரிப்பு நின்றுவிடும்.

வருகைப் பதிவேட்டையும் தினசரிக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். அவன் வராத நாளெல்லாம் முகூர்த்த நாளாகவோ அதற்கு முந்தின நாளாகவோ இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அவன் சோம்பேறி இல்லை, வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறான். பதினாலு வயதுக்குக் கீழே பிள்ளையை இப்படி வேலைக்கு வைப்பது குற்றம், புகார் சொல்ல 1098 என்று குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. தேவைப்பட்டால் தயங்காதே. ஆனால் எடுத்தவுடன் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனால் அவன் இந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரமாட்டான்.

காம்யுவின் கதையை முடித்துவிடுகிறேன். அவருக்கு நோபல் பரிசு என்ற அறிவிப்பு 1957 அக்டோபரில் வந்தது. சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு, நவம்பர் 19ஆம் தேதி காம்யு தன் பழைய வாத்தியாருக்குக் கடிதம் எழுதினார். அம்மாவுக்கு அடுத்தபடி தனக்கு நினைவு வந்தவர் அவர்தான் என்று அதில் இருக்கிறது. ஸ்வீடனில் ஆற்றிய உரை நூலாக வந்தபோது அதையும் அவருக்கே சமர்ப்பித்தார். ஜெர்மேன் 1959 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் நாற்பத்தைந்து வயதுக்காரரைச் சின்னப் பையன் என்றே விளித்திருக்கிறார். நம்ம ஊர் வாத்தியார்கள் கலெக்டரைப் பார்த்து "வாடா" என்பது மாதிரிதான். 1960 ஜனவரி 4ஆம் தேதி கார் விபத்தில் காம்யு இறந்தபோது, அந்த முடியாத நாவலின் கையெழுத்துப் பிரதி விபத்து நடந்த இடத்தில் கிடைத்தது. 1994இல்தான் அச்சில் வந்தது. நாவலில் வாத்தியாருக்கு பெர்னார் என்று வேறு பெயர் கொடுத்திருக்கிறார். ஆனால் எழுதுகிற வேகத்தில் ஓரிடத்தில் ஜெர்மேன் என்று உண்மைப் பெயரையே போட்டுவிட்டார். திருத்த அவர் இல்லை. பதிப்பித்தவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

உனக்கு யாரும் கடிதம் எழுதமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே வேலையைப் பார். என் முப்பத்தொரு வருஷத்தில் வந்தவை மூன்று. அதில் ஒன்று கல்யாணப் பத்திரிகை.

வருகிற சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போ. முகூர்த்த நாளா என்று பார்த்துவிட்டுப் போ, இல்லாவிட்டால் ஆள் இருக்கமாட்டான். தனியாகப் போகவேண்டாம், சத்துணவு அமைப்பாளரம்மா அந்தத் தெருதான் என்றாயே, அவர்களைத் துணைக்குக் கூட்டிக்கொள். பதிவேட்டை எடுத்துக்கொண்டு போகாதே, அதைப் பார்த்ததும் டி.சி.தான் ஞாபகம் வரும். டீ கொடுத்தால் குடி. முதல் நாள் படிப்பைப் பற்றிப் பேசாமலே திரும்பி வந்தாலும் பரவாயில்லை. வந்து எனக்கு போன் பண்ணு.

அன்புடன்,
பெரியம்மா